கயிற்றில் கை வைத்தவர்கள்

எங்கள் பிள்ளைகளின் நிகழ்ச்சி எட்டு நிமிடம். அதில் ஆறு நிமிடத்தை நடுவர்கள் பார்த்தார்கள். மிச்ச இரண்டு நிமிடம் மண்டபமே சேர்ந்து இழுத்தது. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் எங்களை வெளியே போட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிற எழுத்தை ஒருமுறை எழுதிவிட்டேன், அதைப் பற்றியும் சொல்வேன்.

நிலாவெளியில் கடலின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது எங்கள் பாடசாலை. பதினோராம் வகுப்புவரைதான். அதற்கு மேல் படிக்கிற பிள்ளை கரையோர வீதியால் பஸ் ஏறி நகரத்துக்குப் போகவேண்டும். நான் அங்கே படித்தவள். இப்போது என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் பதவியும் என் தலையில் இருக்கிறது. கூட்டத்தில் தண்ணீர் கேட்கக் கை உயர்த்தியதால் கிடைத்த பதவி என்று ஊரில் பகிடி சொல்வார்கள். முழுப் பொய்யும் இல்லை. எங்கள் ஊர் கூட்டத்துக்கு வராது, வேலைக்கு வரும். மதில் சரிந்தால் ஓடி வரும், கூரைத் தகடு பறந்தால் ஏணியோடு வரும், கதிரை போட்டு உட்காரச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள்.

கல்வி வலயத்தின் கலைவிழா ஆண்டுதோறும் நகரத்தில் நடக்கும். பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள் காலையில் ஆடுவார்கள். எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம், நடுவர்கள் கொட்டாவியை விரலால் மறைக்கிற நேரம். நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் நாங்கள்தான். போன ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் பூசிய முகத்தோடு போய், பூசிய முகத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அதிகம் சுடும்.

இந்தமுறை ஒரு பிள்ளை இருந்தாள். பதினோராம் வகுப்பு. தகப்பன் கரைவலை இழுக்கிறவர். அவளுக்கு உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கவேண்டும். அந்தப் பாடம் இருக்கிற நகரப் பாடசாலையில் தாயோடு போய் விசாரித்திருக்கிறாள். அங்கே ஒரு ஆசிரியை சொன்னாராம்: "நேர்முகத்துக்கு வரேக்க மாகாண மட்டத்துக்குப் போன சான்றிதழ் ஏதும் இருந்தாக் கொண்டு வாங்கோ. இல்லாட்டிக் கொஞ்சம் கஷ்டம்." வலயத்தில் முதலாமிடம் எடுத்தால் மாகாணம். மாகாணம் போனால் சான்றிதழ். இதுதான் அவள் கடைசி ஆண்டு. அவ்வளவுதான் கணக்கு. விரல்விட்டு எண்ணக்கூட வேண்டாம்.

ஒரு பின்னேரம் அப்பியாசக் கொப்பியோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"அன்ரி, வலை இழுக்கிறதை மேடையில செய்யப் போறம். அம்பா நாங்களே பாடுறம். நீங்கள் சொல்லு எழுதித் தாங்கோ."

கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு அம்பா. ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும், மற்றக் குரல்கள் வாங்கும், வாங்குகிற மூச்சில் கயிறு ஓர் அடி ஏறும். கேட்டு வளர்ந்தவள் நான். எழுதத் தெரிந்தவள் என்ற திமிரும் இருந்தது. இரண்டு நாள் இருந்து எழுதினேன். நிலவு, நுரை, உப்பின் வெண்மை, எல்லாம் போட்டேன். அவள் வாசலில் நின்றபடியே வாய்க்குள் பாடிப் பார்த்தாள், கைகளை முன்னும் பின்னும் அசைத்தாள்.

"வடிவாத்தான் இருக்கு அன்ரி. ஆனா இதுக்குக் கயிறு வராது."

இருபது வருடமாக எழுதுகிறேன். ஒரு விமர்சகரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. திரும்ப எழுதினேன், இந்தமுறை மூச்சை எண்ணி எழுதினேன்.

கையை வையடி கயிறு காயுது
கரைக்கு வாருது கடலின் பாதி

இதை இரண்டு தரம் பாடிவிட்டு, "இது இழுக்கும்" என்றாள். மறுகதை இல்லை.

பாட்டின் நடுவே ஒரு கூவல் வைக்க வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். மீன் நிறைந்து வலை பாரமாகிக் கயிறு நகராமல் நின்றால், பாடுகிறவர் கூவுவார்: "கை தாங்கோ." அந்தக் கூவல் கேட்டால், கரையில் யார் நின்றாலும் போய்க் கயிற்றில் கை வைக்க வேண்டும். தபால்காரர் சைக்கிளைச் சரித்துவிட்டு வருவார். விடுதியில் தங்கியிருக்கிற வெள்ளைக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு வருவாள். லீவில் வந்த பொலிஸ்காரர் வருவார். ஒருமுறை வேலைக்குப் போகிற சேலையோடு நானும் இழுத்து, இடுப்புவரை நனைந்து, அன்று பஸ்ஸை விட்டிருக்கிறேன். கை வைத்தவர் எல்லோருக்கும் மீனில் ஒரு பிடி உண்டு. யார் நீ, எந்த ஊர், என்ன சாதி, என்ன சமயம், ஒருவரும் கேட்பதில்லை. கயிற்றின் மறுமுனையில் அவ்வளவு பாரம் இருக்கும்போது கேட்க மூச்சு ஏது?

ஒத்திகையில் முதலில் வெறும் கயிறுதான் வைத்து இழுத்தார்கள். வராந்தாவில் நின்று பார்த்த அதிபர், "வலை இழுக்கிற மாதிரி இல்லை, உடுப்புக் காயப்போடுற மாதிரிக் கிடக்கு" என்றார். உண்மைதான். பாரம் இல்லாத கயிற்றை முதுகு உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இரண்டு சாக்கில் மண் நிரப்பிக் கயிற்றின் முனையில் கட்டினார்கள். மேடையில் பிள்ளைகள், மண்டபத்தின் நடுவழியே நீளக் கயிறு, பின்கதவுக்கு வெளியே சாக்கு. எட்டு நிமிட முடிவில் சாக்கு மேடையடிக்கு வந்து சேரும். வந்து சேர்வதுதான் முடிவு. வேறு வசனம் இல்லை.

விழா நாளன்று நகர மண்டபத்தின் வாசலில் வாழையும் குருத்தோலையும் கட்டியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோரணத்தில் பாதியை, நகர வீதிகளில் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான்கள் தின்று முடித்திருந்தன. பிரதம அதிதி வர நேரமாகும் என்றார்கள். பிறகு இன்னும் நேரமாகும் என்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சான் பாடசாலைப் பிள்ளைகள், விடியமுன் குடாவின் அந்தப் பக்கத்தில் இருந்து புறப்பட்டு வந்தவர்கள், கடதாசி முடி வைத்த ராசாவும் மந்திரியுமாக வியர்த்துக்கொண்டு நின்றார்கள். ராசாவின் மீசை கன்னத்துக்கு இறங்கிவிட்டது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பொன்னாடை. உரைகள் முடிந்தபோது பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தது பகலின் எலும்பு மட்டும்.

அன்று வலைக்கு ஓய்வு. தகப்பன்மார் எல்லோரும் கழுவி மினுக்கிய சேட்டோடு வந்திருந்தார்கள். கிண்ணியாவில் இருந்து வந்து எங்கள் கரையில் வலை இழுக்கிற முஸ்லிம் ஒருவரும், அண்ணன் என்ற முறையில் நானா என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், அவர்களோடு வந்திருந்தார். முன்கதிரைகளில் "அதிதிகள்" என்று ஒட்டியிருந்தது. நடுக்கதிரைகளில் பாடசாலைகளின் பெயர்கள். ஒன்றும் ஒட்டாத இடம் பின்கதவு மட்டும்தான். அங்கே போய் நின்றார்கள். கயிறு அவர்களுடைய கால்களுக்கு நடுவால் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஆறாவது நிமிடத்தில் சாக்கு பின்கதவின் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. மேடையில் பதினைந்து பிள்ளைகள் இழுக்கிறார்கள், கயிறு கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது, ஒரு அங்குலம் வரவில்லை. முன்னால் நின்ற சின்னவள் வழுக்கி முழங்காலில் விழுந்தாள். நடுவர்களில் ஒருவர் பேனையை மூடினார். அந்த நேரம் பாட்டில் கூவல் வருகிற இடம். அவள் கூவினாள். ஒத்திகையில் கூவிய குரல் அது இல்லை. உண்மையாகவே கயிறு வராதபோது வருகிற குரல்.

"கை தாங்கோ..."

அவளுடைய தகப்பன் யோசிக்கவில்லை. யோசிக்க அங்கே ஒன்றும் இல்லை. குனிந்து கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் நானா. பிறகு மற்றத் தகப்பன்மார். மண்டபக் காவலாளி கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு வந்தார். நான் பிடித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை, உள்ளங்கையில் கயிற்றின் தும்பு குத்தியதுதான் நினைவு. கடதாசி முடியோடு ராசா வந்து பிடித்தார். சாக்கு நிலைப்படியைத் தாண்டியது, நடுவழியால் வந்தது, கதிரைகளின் நடுவே மண் சிந்திக்கொண்டு வந்தது. கைதட்ட ஒருவருக்கும் கை சும்மா இருக்கவில்லை. நடுவரின் மணி அடித்ததாகப் பிறகு சொன்னார்கள். சாக்கு மேடையடியில் போய் மோதிய பிறகுதான் எங்களுக்குக் காது திரும்பி வந்தது.

புள்ளித் தாளில் குறுக்கே எழுதியிருந்தார்கள்: தகுதி நீக்கம்.

அழகியல் பாடங்களுக்குப் பொறுப்பான வலய அதிகாரி எங்கள் அதிபர் மிஸ்ஸை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுத வேண்டும். காலையில் இருந்து பச்சைத்தண்ணி குடிக்காமல் ஓடித் திரிந்த மனிதர்.

"ஆறு நிமிசம்வரைக்கும் உங்கட பிள்ளையள்தான் முதலாமிடம், மிஸ். போட்டியாளர் இல்லாத ஆக்கள் வந்து கை வைச்சதுதான் பிழை. ஒரு வழி இருக்கு. வெளியாட்கள் பாடசாலைக்குத் தெரியாமல் அத்துமீறி நுழைஞ்சிட்டினம், அதுக்குப் பாடசாலை வருந்துது எண்டு ஒரு கடிதம் தாங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் தந்தால், ஆறு நிமிசத்துக்குப் புள்ளி போட்டு மாகாணத்துக்கு அனுப்பலாம்."

அதிபரின் முகத்தில் நிம்மதி விழுந்தது. என் முகத்திலும் விழுந்திருக்கும்.

அன்று பின்னேரமே எழுதினேன். ஒரே இருப்பில் எழுதினேன். நல்ல கடிதம், அதுதான் வெட்கம். "எதிர்பாராத வகையில் அத்துமீறி நுழைந்த வெளியாட்கள்" என்று எழுதியபோது பேனை ஒரு இடத்திலும் தடக்கவில்லை. வெளியாட்களில் நானும் ஒருத்தி என்பது எழுதி முடியும்வரை எனக்கு உறைக்கவில்லை. என் கையில் தும்பு குத்திய இடம் சிவந்து கிடந்தது, அந்தக் கையால்தான் எழுதினேன்.

அடுத்த நாள் காலை அவளுடைய தகப்பன் வேலிக்கரையில் வந்து நின்றார்.

"கடிதம் எழுதியாச்சோ அக்கா?"

"ஓம். முடிஞ்சுது."

"என்ர பேரையும் போட்டனீங்களோ?"

"பேர் ஒண்டும் போடேல்லை. வெளியாட்கள் எண்டுதான் கிடக்கு."

"பேரைப் போடுங்கோ. அப்பதான் நம்புவினம். குடிச்சிட்டு வந்தவன் எண்டும் போடுங்கோ."

"நீங்கள் குடிக்கிறதில்லையே."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வலயக் கந்தோருக்கு என்னத்துக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவழியில் நின்றது. "பிள்ளை போகட்டும் அக்கா. நான் ஒரு கடிதத்தில வெளியாளாக் கிடந்தா எனக்கு என்ன குறைஞ்சு போகும்."

வேலியை விட்டுக் கரைப்பக்கம் நடந்தார்.

வியாழக்கிழமை கூட்டம். கடிதத்தை வாசித்துக் காட்டி எல்லோருடைய சம்மதத்தையும் எடுத்துவிடலாம் என்றார் அதிபர். கூட்டத்துக்கு வராத எங்கள் ஊர் அன்று வந்தது. மண்டபம் கிடையாது எங்களுக்கு, இரண்டு வகுப்புக்கு நடுவே இருந்த பலகைத் தட்டியைக் கழற்றி இடம் பண்ணினோம். சின்னப்பிள்ளைகளின் வாங்குகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ வாசி பிள்ளை, உன்ர குரல்தான் பின்னுக்குக் கேக்கும்" என்று அதிபர் கடிதத்தை அவளிடமே கொடுத்தார். அன்பினால் செய்த பிழை.

அவள் வாசித்தாள். திகதி, முகவரி, ஐயா. மேடையில் நின்ற அதே நிமிர்வோடு வாசித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். திரும்ப முதலில் இருந்து அந்த வரியை வாய்க்குள் வாசித்தாள்.

"ஆர் இது, வெளியாட்கள்?"

"அது ஒரு சொல்லு, பிள்ளை. கந்தோர்ச் சொல்லு. அப்பிடித்தான் எழுத வேணும்" என்றார் அதிபர்.

"கூப்பிட்டது நான், மிஸ். நான் கூப்பிட்டுத்தான் வந்தவை."

"விசர்க் கதை கதையாத" என்றார் தகப்பன் பின்வாங்கில் இருந்து. "அன்ரி இருந்து வடிவா எழுதித் தந்திருக்கிறா. வாசிச்சு முடி."

"நீங்கள் சும்மா இருங்கோ அப்பா. கயிற்றில நீங்கள் நிண்ட பக்கமே பிழை. எப்பவும் இடப்பக்கம் நிக்கிறனீங்கள், அண்டைக்கு வலப்பக்கம் நிண்டு எல்லாரையும் இடிச்சுக்கொண்டு இழுத்தனீங்கள்."

சிரிப்பு எழும்பியது. தகப்பனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கமுன் நானா எழுந்தார்.

"புள்ள சொல்றதும் சரிதான், மிஸ் சொல்றதும் சரிதான். நான் ஒண்டு சொல்றன். என்ட புள்ளயள் படிக்கிறது கிண்ணியாவில. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருத்தன்தான் மெய்யான வெளியாள். என்ட பேர மட்டும் எழுதுங்க. மத்தவங்களுக்குப் பேச்சு வராது, புள்ளயும் போயிரும். எனக்கு மனசுல ஒண்டுமில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. நல்ல யோசனை என்று ஒரு முகத்தில் ஓடியதை நான் கண்டேன், இன்னொரு முகத்திலும் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன், என் மனதிலும் ஓடியது. எவ்வளவு சுலபம். எங்கள் மாவட்டத்தில் இதைவிடச் சுலபமான காரியம் இல்லை. ஒரு மனிதரைக் காட்டி அவர் வேறு ஆள் என்று சொல்லிவிட்டால் எல்லாக் கதவும் திறந்துவிடும். திறந்த கதவுகளால் நாங்கள் எங்கே எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பது இந்த வாங்குகளில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"இல்லை மாமா" என்றாள் அவள் நானாவிடம். குரல் உயரவில்லை. "நீங்கள் கை வைச்சனீங்கள். பிடிச்ச கயிறு பிடிச்சதுதான். உங்களை வெளியாள் எண்டு எழுதிப்போட்டு நான் மாகாணத்தில போய் நிண்டு கை தாங்கோ எண்டு கூப்பிட ஏலாது. வாயில வராது."

"அப்ப சான்றிதழ்?" என்றார் தகப்பன். கேட்டது பகிடியாக இல்லை. "நேர்முகத்தில என்னத்தைக் காட்டுவாய்?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை. "எனக்கும் தெரியேல்லை அப்பா" என்றாள்.

நான் எழுந்து போய் அவள் கையில் இருந்த கடிதத்தை வாங்கினேன். மடித்துப் பைக்குள் வைத்தேன். சங்கத்தின் கூட்டக்குறிப்புக் கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, ஆசிரியரின் மேசையில் நின்றபடியே எழுதினேன். இந்தமுறை பேனை ஒவ்வொரு சொல்லிலும் தடக்கியது. ஐயா, எங்கள் பிள்ளைகள் மேடையில் இருந்து உதவிக்கு அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவரும் வெளியாள் இல்லை. கயிற்றில் கை வைத்தவர் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் கரையின் வழக்கம், அந்த வழக்கம்தான் இந்த நிகழ்ச்சி. புள்ளி தருவதானால் எட்டு நிமிடத்துக்கும் தாருங்கள். ஆறு நிமிடத்துக்கு வேண்டாம்.

வாசித்துக் காட்டினேன். நானா மட்டும், "கடைசி வரி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். "இருக்கட்டும்" என்றார் தகப்பன். கையெழுத்துகள் மறுபக்கத்துக்கும் போயின. தலைவர் என்ற முறையில் மேலே அதிபருக்கென்று விட்டிருந்த இடம் கடைசிவரை வெறுமையாக இருந்தது. எல்லோரும் எழும்பிப் போகத் தொடங்கிய பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு முறை முழுக்க வாசித்து, போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவளும் நானும் பஸ் ஏறினோம். உப்புவெளி தாண்டும்வரை அவள் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்லத் தேடினேன், தேடிய சொல் எல்லாம் இழுக்காத சொல்லாக இருந்தது, விட்டுவிட்டேன்.

வலயக் கந்தோரில் அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இப்பிடி எழுதினால் நான் ஒண்டும் செய்ய ஏலாது."

"ஓம் சேர், தெரியும்" என்றேன்.

"பிள்ளையின்ர எதிர்காலத்தை யோசிச்சனீங்களோ நீங்கள்?"

அவளே பதில் சொன்னாள்.

"யோசிச்சது நான்தான் சேர்."

அவர் அவளைப் பார்த்தார். "கட்டைபறிச்சான் பிள்ளையள்தான் போவினம் பிள்ளை, தெரியுமோ?"

"போகட்டும் சேர். நல்லாச் செய்தவை. அவையின்ர ராசாவும் கயிறு பிடிச்சவர்."

"அதை நான் கேக்கேல்லை" என்றார் அவர் அவசரமாக, கடிதத்தைக் கோவைக்குள் வைத்தபடி. உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அசைந்து அடங்கியது.

நான் எழும்பிவிட்டேன். அவள் எழும்பவில்லை. கொப்பிக்குள் இருந்து இன்னொரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். அதே கடிதம், கையெழுத்துகள் எல்லாம் சேர்த்து எடுத்த பிரதி. பஸ்ஸால் இறங்கி வரும் வழியில் கடையில் என்னை நிறுத்தி எடுத்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இதில, கடிதம் கிடைச்சது எண்டு ஒரு முத்திரை குத்தித் தாங்கோ சேர்."

"இது என்னத்துக்கு?"

"நேர்முகத்துக்கு. மாகாணச் சான்றிதழ் எங்க எண்டு கேட்டால் இதைக் குடுப்பன். நான் என்ன நாடகம் செய்தனான், ஆர் ஆர் நடிச்சவை, ஏன் போகேல்லை, எல்லாம் இதில கிடக்கு."

பக்கத்து மேசையில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். அதிகாரி மேசை லாச்சியைத் திறந்தார், முத்திரையை எடுத்தார், மைத்தட்டில் அழுத்தினார், பிரதியின் மேல்மூலையில் குத்தினார்.

அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். திரும்ப மேசையில் வைத்தாள்.

"திகதி வடிவா விழேல்லை சேர். இன்னொருக்காக் குத்துங்கோ."

குத்தினார்.